‘போல’ என்னும் ஒரு சொல்

பேசாத கடலையும் விலங்கையும் பறவையையும் நெஞ்சையும் பேசுவன போலவும் கேட்பன போலவும் வைத்துப் பாடலாம் எனத் தொல்காப்பியச் செய்யுளியல் இசைவளிக்கிறது. அவ்விசைவில் ‘போல’ என்னும் சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. புலவர் அதனை மறப்பதில்லை. பாம்பையும் ஆமையையும் வளர்ப்போர் மறந்துவிடுகின்றனர்.

என் இளமையில் வேப்பூர்ச் சந்தையில் பாம்பாட்டி மகுடி ஊதுவார். நாகம் படமெடுத்து அசையும். இசைக்கு மயங்கி ஆடுகிறது என்று பெரியவர்கள் வியப்பர், நானும் நம்பினேன். பாம்புக்குப் புறச்செவி இல்லை. நில அதிர்வையும் காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகள் சிலவற்றையுமே அது உணரும். முன்னே அசையும் குழலைப் பின்பற்றியே அதன் தலை அசைகிறது. படம் விரித்தல் தற்காப்பு. பாலை விரும்பி அருந்துகிறது என்பதும் இத்தகையதே. நீரின்றி அடைபட்டுக் கிடந்த பாம்பு, கிடைத்த எதனையும் பருகும். பால் அதற்கு இயல்பான உணவன்று.

நட்சத்திர ஆமை நற்பேறு தரும் என்று வீட்டில் வைத்திருப்போர் உண்டு. தலையை உள்ளிழுத்தால் ‘நாணம்’ என்பர். கழுத்தை நீட்டி வந்தால் ‘அன்பு’ என்பர். அசையாது கிடந்தால் ‘சாது’ என்பர். முன்னது தற்காப்பு, அடுத்தது இரை கிடைத்த பழக்கம். மூன்றாவதே அஞ்சத்தக்கது. ஊர்வன தமக்கு வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் வெயிலிலிருந்தே பெறுகின்றன. வெயில் புகாத அறையில் இரை செரியாது, உடல் சோரும். நோயுற்ற ஆமை கதறுவதுமில்லை. நாம் ‘சாது’ என்று புகழ்ந்துகொண்டிருக்கும்போதே அது செத்துக்கொண்டிருக்கலாம்.

பாம்பு பழிவாங்கும் என்பதும் நாம் ஏற்றிய குணமே. 1978இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நஞ்சை எடுத்தபின் பாம்பை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பழிக்கு அஞ்சியிருந்தால் அத்தொழில் நடந்திருக்குமா? அந்நஞ்சிலிருந்து உருவாகும் மருந்தே பாம்புக்கடியுற்றோரைக் காக்கிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு நாம் தீட்டும் புன்னகையால் அதற்கு ஊறில்லை. உயிரின் முகத்தில் தீட்டினாலோ, அதன் துன்பம் மறைந்துபோகும். மாணவச் செல்வங்களே! கவிதையில் ஆமையை நாணச் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் அதனை வீட்டில் அடைத்து வைத்தல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடைபட்ட ஆமையைக் கண்டால் ‘போல’ என்னும் சொல்லை நினைவிற்கொண்டு, வனத்துறையினர்க்கு அறிவியுங்கள். அதுவே அவ்வுயிர்க்கு நாம் காட்டும் உண்மையான அன்பு.