முதலாண்டில் நுழைவதா, மூன்றாம் ஆண்டில் மாறுவதா?

பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்கும் நம் பெற்றோர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. நேராகப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுக்கு விண்ணப்பிப்பதா? ஈராண்டு சமூகக் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்கு மாறுவதா? இரண்டாவது வழியில் செலவு குறைவு என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இடறி விழும் இடங்களும் அதில்தான் அதிகம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலேசியாவில் 2001இல் தொடங்கப்பட்ட 'கொலேஜ் கொமுனிட்டி' தொழில்திறன் கல்விக்கானது. அமெரிக்கச் சமூகக் கல்லூரியோ தொழிற்கல்வியோடு பட்டப்படிப்பின் முதல் ஈராண்டுப் பாடங்களையும் நடத்துகிறது. இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 116 சமூகக் கல்லூரிகள் உள்ளன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 9 வளாகங்களில் இளங்கலை படிக்கலாம். கல்லூரி மாறி வருவோரில் அம்மாநிலச் சமூகக் கல்லூரி மாணவர்களுக்கே அது முன்னுரிமை தருகிறது. வெளிநாட்டு மாணவரும் அக்கல்லூரிகளில் சேரலாம்.

யார் முதலாண்டு விண்ணப்பதாரர்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்தபின் ஏதாவதொரு கல்லூரியில் வழக்கமான பருவத்தில் சேர்ந்து படித்துவிட்டால், அவர் மாற்று மாணவராகிவிடுகிறார். பின்னர் மனம் மாறி முதலாண்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. மாற்று மாணவர்களையோ அப்பல்கலைக்கழகம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஒரு பருவம் படித்தவர் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்க நேரிடும். இங்குள்ள தனியார் கல்லூரிகளின் அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் சேர்வோர் இதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

மாறுவதற்கு 60 பருவ அலகுகள் வேண்டும். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் குறைந்தது 2.8 புள்ளிச் சராசரி பெற்றிருக்க வேண்டும். இது வாசல்படி மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் இடம் பெறுவோரின் புள்ளிகள் இதைவிட வெகு உயரம்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்யும் கலிபோர்னியாச் சமூகக் கல்லூரி மாணவருக்கு இட உத்தரவாதம் தருகின்றன. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். கணினி அறிவியல் போன்ற துறைகளுக்குச் சில வளாகங்களில் இந்த உத்தரவாதம் கிடையாது. கோலாலம்பூரில் மட்டுமே படித்துவிட்டு மாறுபவருக்கும் இது பொருந்தாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈராண்டு கலிபோர்னியாவிலேயே படித்ததால் உள்ளூர்க் கட்டணம் கிடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது கிடைக்காது. வழக்கமான கட்டணத்துக்கு மேல், வெளியாருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டுகிறது. பி.டி.பி.டி.என். கடனும் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். ஆகவே மலிவான முதல் ஈராண்டை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறுவது ஆபத்து. கடைசி ஈராண்டுக்குரிய பணம் எங்கிருந்து வரும் என்பதைக் குடும்பம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எஸ்.ஏ.டி. தேர்வு இப்போது அங்கே கணக்கில் இல்லை. தன்னைப் பற்றிய நான்கு கேள்விகளுக்கு மாணவர் தலா 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். உத்தரவாத விண்ணப்பத்தைச் செப்டம்பர் மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். பொது விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை அனுப்பலாம். சந்தேகம் உள்ளவர்கள் கோலாலம்பூரில் இயங்கும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையத்தை அணுகலாம். போகும்போது, இதுவரை படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.