முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்கள்

சென்னையில் குளிர்காலம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக விடியற்காலையில் நடக்க வரும் நம்மவர்களைப் பார்த்து உள்ளான் சிரிப்பதில்லை. அதுவும் குளிருக்குப் பயந்து இமயத்துப் பக்கமிருந்து இறங்கி வந்ததுதான். சேற்றோரம் பின்புறத்தை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருக்கும்.

அடையாற்றின் கழியை ஒட்டி, 58 ஏக்கரில் 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் போக வேண்டும். முக்குளிப்பான் கண்ணெதிரே முங்கி, நாம் பார்த்துக்கொண்டிராத இடத்தில் எழும். வக்காக்கள் இரவு வேட்டை முடித்துத் தூங்கக் கிளை தேடும். இந்த மாதங்களில் சென்னைத் தோட்டங்களுக்கு வந்து சருகு புரட்டும் ஆறுமணிக்குருவி கண்ணில் பட்டால் அன்று யோகம்தான்.

ஆனாலும், அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதில்தான் சுவாரசியம் அதிகம். நீர் வற்றும் நேரத்தில் வெண்கண்டல் மரங்களைச் சுற்றி மூச்சுவேர்கள் நாற்றங்கால் பயிர்போல் நிமிர்ந்து நிற்கும். சேற்றில் காற்று கிடையாது. அதனால் வேரே மேலே வந்து மூச்சு வாங்குகிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது.

இத்தனையும் கடல்நீர் வந்துபோனால்தான் நடக்கும். என் கவலை அங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளிவந்து ஆற்றின் வாயில் மேடு போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம்தான் அதை உடைத்துவிடும். உடைந்த வாயைத் திறந்தே வைத்திருப்பது, கழிக்குள் ஏறி இறங்கும் ஓதநீரின் வேகம். கழி எவ்வளவு அகலமோ அவ்வளவு நீர் ஏறும். ஏறியது இறங்கும்போது மணலை அரித்துக்கொண்டு போகும். கரையோரம் ஒரு லாரி கட்டட இடிபாடு விழுந்தால், ஒரு லாரி நீருக்கு இடம் போயிற்று. வாய் அடைத்துக்கொண்டால் சாக்கடை தேங்கும், மீன்குஞ்சு உள்ளே வராது. மழை வந்தால் வெள்ளம் வடிவதும் சிக்கலாகிவிடும். 2015 டிசம்பரை மறந்துவிடவில்லையே?

இயந்திரம் வைத்துத் தூர்வாரினால் போதும் என்பவர்களும் உண்டு. வாரலாம்தான். அள்ளிய மணலைக் கடல் மறுபடி கொண்டுவந்து கொட்டும், மறுபடி வார வேண்டும். அதற்கு முடிவே இல்லை.

இந்தப் பூங்காவின் பெரிய சாதனை, ஒருகாலத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டிய இடத்தைத் தோண்டி நீருக்குத் திருப்பிக் கொடுத்ததுதான். நட்ட மரங்கள் அதற்கு அடுத்த கணக்கு. அதே வேலை கழி நெடுகிலும் நடக்க வேண்டும். பூங்காக்களுக்குப் புதிதாக வண்ண விளக்கும் கல் பதித்த பாதையும் கேட்டு மனுப் போடுகிறவர்கள், அதைச் சற்றே ஒத்திவைக்கலாம். நடக்கப் போகும்போது கழிக்கரையில் இடிபாடு கொட்டும் வண்டி கண்ணில் பட்டால், அதன் எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள்.