ரத்தம் சொன்ன ரகசியம்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் புதுச்சத்திரம் வருகிறது. பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இன்று வழிப்போக்கர்கள் யாரும் மூட்டை தூக்கிக்கொண்டு நடந்து வருவதில்லை. காஸ் டாங்கர், முட்டை லாரி, தீவன மூட்டை ஏற்றிய லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று இரவும் பகலும் சாலை ஓய்வதே இல்லை. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற பழைய 7-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இது. இப்போது ஸ்ரீநகரிலிருந்து வருகிறது. எண்ணும் 44 ஆகிவிட்டது.

நாமக்கல் வட்டாரத்துக்குச் சோறு போடுவது லாரி. பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ் என்று எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. டிரைவர் ஒருவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்ப ஒரு மாதமும் ஆகலாம். அப்படித் திரும்பியவர்களில் சிலர், தங்களுக்கே தெரியாமல், ஒரு கிருமியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எச்.ஐ.வி. என்ற மூன்றெழுத்து இந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட காலம் ஒன்று உண்டு. சத்தம்போட்டுப் பேசவில்லை, குசுகுசுவென்று பேசினார்கள்.

இந்த நோயை ஒரு டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கண்டுபிடித்த பின் என்ன செய்கிறார்?

பெல்ட்டில் புதுத் துளை

டிரைவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தெட்டு. ஒன்றரை மாதமாக இருமல். மாலையானால் காய்ச்சல். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டாயிற்று. "ராத்திரி பகலா வண்டி ஓட்டினா உடம்பு சூடாகாம என்ன செய்யும்?" என்கிறார் மனைவி. வழியில் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் காய்ச்சல் இரண்டு நாள் அடங்கும். பிறகு மறுபடி வரும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. நாக்கில் தயிர் படிந்தாற்போல் வெள்ளைப் படலம். போன வருஷம் விலாவில் அக்கி கண்டது. காவி எழுதினார்கள், ஆறிப்போயிற்று.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய விஷயமில்லை. இருமல் இல்லாத லாரி டிரைவர் யார்? ஆனால் அக்கியையும், நாக்கின் வெண்படலத்தையும், பெல்ட்டின் துளையையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்கிற டாக்டருக்குச் சந்தேகம் தட்டும். உடம்பின் காவல்படையே படுத்துவிட்டதோ என்று யோசிப்பார்.

சந்தேகம் என்றுதான் சொல்லலாம். அதற்கு மேல் இல்லை. முகத்தைப் பார்த்தோ நாடியைப் பிடித்தோ இந்த நோயைச் சொல்ல முடியாது. சிகிச்சை எடுக்காதவருக்குக் கிருமி புகுந்து நோயாக முற்ற எட்டுப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதில் பெரும்பகுதி காலம் ஆள் திடகாத்திரமாக இருப்பார். டயர் கழற்றுவார், தார்ப்பாய் கட்டுவார். மனைவிக்கும் அந்தக் கிருமியைக் கொடுத்திருப்பார். ரத்தத்தைச் சோதித்தால் ஒழிய ரகசியம் வெளிவராது.

ரத்தத்தைச் சோதித்து இந்தக் கிருமியை இந்தியாவில் முதலில் எங்கே கண்டார்கள் என்று பார்த்தால், நம் தமிழ்நாட்டில்தான்.

ரயிலில் போன பனிப்பெட்டி

1981 ஜூனில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேருக்கு வந்த அபூர்வமான நிமோனியாவைப் பற்றி அமெரிக்கச் சுகாதாரத் துறையின் வாரப் பத்திரிகையில் ஒரு குறிப்பு வந்தது. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தில் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ல் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. நம் நாட்டிலோ, "அது மேல்நாட்டு வியாதி, நம் ஒழுக்கத்துக்கு இங்கே வராது" என்று பலரும் நிம்மதியாக இருந்தார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமனுக்கு அந்த நிம்மதி இல்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், பட்ட ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32. முதலில் தயங்கினார். கணவர் ஊக்கம் கொடுக்க, ஒப்புக்கொண்டார். பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூடக் கிடையாது. மூன்று மாதத்தில் 80 பேரின் ரத்தம் சேர்ந்தது. சிறிய அளவில் தாங்களே அமைத்துக்கொண்ட ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடமில்லை; நிர்மலா தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சமையலறைக் குளிர்பெட்டியில் சரித்திரம் உறைந்து கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

சென்னையில் சோதிக்க வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஒரு நாள், நிர்மலாவும் கணவரும் ரத்தக் குழாய்களைப் பனிப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு இரவு ரயிலேறினார்கள். காட்பாடியில் இறங்கி, ஆட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே வைரஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான். தம் இளம் சகாக்களான ஜார்ஜ் பாபு, எரிக் சைமோஸ் இருவரையும் உதவிக்கு விட்டார்.

காலையில் ஆரம்பித்த சோதனை. நடுப்பகலில் மின்சாரம் நின்றது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தார்கள். முதலில் தட்டின் மூடியைத் திறந்தவர் சட்டென்று மூடிவிட்டார். மற்றவரும் பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன. ஒன்றுகூட இராது என்று நினைத்துத்தான் வந்திருந்தார்கள்.

உடனே பறைசாற்றிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சோதனையைத் திருப்பிச் செய்தார்கள். அதே பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சைமோஸ் அதை அமெரிக்காவுக்கு எடுத்துப் போய், வேறு முறையில் சோதிக்கச் செய்தார். அங்கும் அதே பதில். அதன்பிறகுதான் செய்தி டில்லிக்குப் போயிற்று. மே மாதத்தில் சுகாதார மந்திரி எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். ரத்தம் எடுத்ததே தவறு என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள்!

அந்த ஆறு பெண்களுக்குக் கொடுக்க அன்று மருந்து எதுவும் இல்லை. உலகத்திலேயே இல்லை. முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 1987-ல்தான். நிர்மலா அதே வருஷம் மார்ச்சில் ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பு மருந்து தயாரிக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஊர் அவரை நெடுங்காலம் மறந்தே போயிற்று. பேராசிரியை சுனிதி சாலமன் இந்த நோயாளிகளுக்காகவே 1993-ல் ஒரு நிலையம் தொடங்கி, 2015-ல் காலமாகும் வரை அதிலேயே உழைத்தார்.

சாலையோரம்

தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரி 1993-லிருந்து எய்ட்ஸ் நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டது. 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல். கையோடு கெட்ட பெயரும் வந்து சேர்ந்தது. நாட்டின் மாவட்டங்களைத் தரம் பிரித்தவர்கள், பாதிப்பு மிகுந்த முதல் வரிசையில் நாமக்கல்லை வைத்தார்கள்.

டிரைவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பேச்சு அப்போது நிறைய நடந்தது. அது சரியென்று தோன்றவில்லை. ஒருவர் வெளியூரில் வாங்கியது, வீட்டுப் படியைத் தாண்டாத மனைவிக்கு வந்தது. அவள் வயிற்றுக் குழந்தைக்கும் வந்தது. இதில் யாரைக் கூண்டில் ஏற்றி யாருக்கு என்ன பயன்? புள்ளிராஜா என்ற கற்பனை ஆசாமியின் பெயரைச் சுவரெல்லாம் எழுதி, அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று 2000-களின் தொடக்கத்தில் கேட்டார்களே, அது நினைவிருக்கலாம். சிரித்துக்கொண்டே ஜனங்கள் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பழகினார்கள்.

மூன்று முறை கேட்பார்கள்

நம் டிரைவரிடம் திரும்புவோம். டாக்டர் சீட்டு எழுதி "நம்பிக்கை மைய"த்துக்கு அனுப்புகிறார். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் ஏற்பட்ட இடத்துக்கு அதுதான் பெயர். காசு வாங்குவதில்லை. சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கும் சட்டம் இதை உறுதி செய்கிறது.

ஒரே ரத்தத்தை மூன்று வெவ்வேறு வகைச் சோதனைகளில் பார்க்கிறார்கள். முதல் சோதனையில் கிருமியின் அடையாளம் இல்லையென்றால் அத்தோடு சரி. இருந்தால் இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் ஒரே பதில் சொன்னால்தான் முடிவு எழுதுவார்கள். வேலூரில் 1986-ல் காட்டிய அதே எச்சரிக்கை! இன்னொன்றும் உண்டு. கிருமி புகுந்த முதல் சில வாரங்களில் சோதனை ஏமாற்றிவிடும், அடையாளம் தெரியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள்.

முடிவு தெரிந்ததும் மருந்தை நீட்டிவிட முடியுமா என்றால், அங்கேதான் டாக்டரின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. இந்த நோயாளிகளை நம் நாட்டில் அதிகமாகக் கொல்வது காசநோய். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்வை என்ற நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்புச் சக்தி இழந்தவரின் சளியில் காசக் கிருமி குறைவாகவே இருக்கும். பூதக்கண்ணாடியில் சிக்காமல் போகும். எக்ஸ்ரேயும் வழக்கமான குழியைக் காட்டாமல் ஏய்க்கும். இப்போது கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் கருவி வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும்; ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லும்.

நம் டிரைவருக்குக் காசநோயும் இருக்கிறது. எந்த மருந்து முதலில்?

காசநோய் மருந்துதான் முதலில். எச்.ஐ.வி. மருந்து அதன்பின், இரண்டு வாரத்துக்குள். ஏன் இந்த வரிசை? எச்.ஐ.வி. மருந்து கொடுத்தால் படுத்துக் கிடந்த காவல்படை திடீரென்று எழுந்துகொள்ளும். திருடன் உள்ளே இருப்பதைப் பார்த்து, வீட்டுச் சாமானையும் சேர்த்து உடைக்கும். காய்ச்சல் ஏறும், கழுத்துக் கட்டி வீங்கும், தேறி வந்தவர் மறுபடி படுப்பார். திருடன் மூளை உறையில் ஒளிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, அப்போது எச்.ஐ.வி. மருந்தை இன்னும் சில வாரம் தள்ளி வைப்பார்கள். ஓயாத தலைவலி என்று நோயாளி சொன்னால் டாக்டர் காது கொடுத்துக் கேட்பது இதற்காகத்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்கான டொலுடெக்ராவிர் மருந்தை உடம்பு சீக்கிரமே கழித்துவிடும்படி செய்கிறது. ஆகவே காசநோய் மருந்து ஓடும் வரை டொலுடெக்ராவிரை இருவேளை கொடுக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு மாத்திரை

மூன்று மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்று உலகம் அறிந்தது 1996-ல். ஆனால் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு! லாரியை விற்றாலும் கட்டாது. 2001 பிப்ரவரியில் பம்பாய் சிப்லா கம்பெனி, ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாகச் சொல்லி மேல்நாட்டுக் கம்பெனிகளைத் திகைக்க வைத்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் சர்க்காரே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. பிறகு நாமக்கல்லிலும் கூட்டு மருந்து மையம் வந்தது. முன்பெல்லாம் ரத்தத்தில் காவல் அணுக்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் வரை மருந்து கிடையாது. 2017-லிருந்து கிருமி உண்டென்று தெரிந்தாலே மருந்து உண்டு.

மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் அடக்கம். கிருமியை அடியோடு ஒழிக்காது, நிறுத்தினால் தலைதூக்கும். விடாமல் சாப்பிட்டால், ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கியே இருக்கும்வரை உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது என்பது இன்று நிரூபணமான விஷயம். கர்ப்பிணிக்கும் அப்படியே. மருந்தில்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோயோடு பிறக்கவோ, பாலில் பெறவோ நேரும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் அது ஐந்துக்கும் கீழே.

பயம் மட்டும் அவ்வளவு சுலபத்தில் அடங்குவதில்லை. பக்கத்து ஊர் மையத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று பஸ் ஏறித் தொலைதூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பாவின் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு குப்பியில் மாத்திரையைக் கொட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1097 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். ஊர் ஊராகப் போகிறவருக்கு வழியிலுள்ள மையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு.

நம் டிரைவருக்கு ஆறு மாதக் காசநோய் மருந்து முடிந்துவிட்டது. எடை ஏழு கிலோ ஏறியிருக்கிறது. மனைவியும் சோதித்துக்கொண்டார், கிருமி இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் புதுச்சத்திரம் பக்கம் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடுகிறார். சட்டைப் பையில் இருக்கும் சின்னக் குப்பியைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். பிறகு, டயரை எல்லாம் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கிளீனருக்குக் குரல் கொடுக்கிறார்.