வறுமையும் பெற்றோரின் கண்காணிப்பும்

பிள்ளையைக் கவனியாத பெற்றோரை அன்பற்றவர் என ஊரார் எளிதில் தூற்றுவர். அன்பிருந்தும் பொழுதில்லாதவர் எத்தனை பேர்!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், 1993 முதல் ஆராய்ச்சியாளர் சிலர் குழந்தைகள் பலரைத் தொடர்ந்து கண்டு வந்தனர். அவருள் செரோக்கி என்னும் பழங்குடிப் பிள்ளைகளும் இருந்தனர். 1996 முதல், அக்குடியினரின் சூதாட்ட விடுதி ஈட்டிய ஆதாயத்தில் ஒரு பங்கு, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. சூதுப் பணமா என்று முகம் சுளிக்க வேண்டா. நல்லவர், தீயவர், உழைப்பவர், சோம்பியிருப்பவர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் வந்தமையால், வறுமை நீங்குவதன் பயனைத் தனியே பிரித்தறிய வழி பிறந்தது.

2003இல் முடிவு வெளியாயிற்று. வறுமையினின்று மீண்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் குறைந்திருந்தன. பெற்றோரின் மேற்பார்வை மிகுந்ததே இதற்குப் பெருங்காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். அச்சமும் மனச்சோர்வும் மட்டும் அவ்வாறு குறையவில்லை.