ஒரே ஒரு தப்பு நாசில்! டீசல் வண்டிக்குள் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

பங்கில் வண்டியை நிறுத்துகிறீர்கள். "ஜீரோ பாத்துக்குங்க சார்!" என்கிறார் ஊழியர். நீங்களும் மீட்டரைப் பார்த்துத் தலையாட்டுகிறீர்கள். ஆனால் அவர் கையில் இருக்கும் நாசிலைப் பார்த்தீர்களா? அது டீசல் நாசில்தானா? ஜீரோவைக் கவனிக்காவிட்டால் போவது கொஞ்சம் பணம். நாசிலைக் கவனிக்காவிட்டால் என்ன போகும் தெரியுமா? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

மூன்றரை நிமிடத்துக்கு ஒருவர்!

'இவ்வளவு பெரிய தப்பை யாராவது செய்வார்களா?' என்று நினைக்கிறீர்களா? பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,50,000 பேர் தங்கள் வண்டியில் தவறான எரிபொருளை அடித்துக்கொள்கிறார்கள் என்று அந்நாட்டு வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏ மதிப்பிட்டிருக்கிறது! ஒரு நாளைக்கு 400 பேருக்கு மேல்! கணக்குப் போட்டால் மூன்றரை நிமிடத்துக்கு ஒருவர்! இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடித்து, ஒரு காபியும் குடித்து முடிப்பதற்குள் அங்கே ஒருவர் தலையில் கை வைத்து நிற்பார்!

கார்களைக் காக்க வந்த மெல்லிய நாசில்!

பெட்ரோல் நாசில் ஏன் மெலிதாக இருக்கிறது தெரியுமா? கதை 1970களின் அமெரிக்காவில் தொடங்குகிறது. அப்போது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. புகையைச் சுத்தமாக்கும் கருவி பொருத்திய புதிய கார்கள் வந்தன. ஈயம் பட்டால் அந்தக் கருவி பாழ்! என்ன செய்தார்கள்? ஈயமில்லாத பெட்ரோலின் நாசிலை மெலிதாக்கினார்கள். புதிய கார்களின் டேங்க் வாயையும் குறுக்கினார்கள். பழைய தடித்த நாசில் உள்ளேயே போகாது!

ஆனால் விளைவைப் பாருங்கள்! பிரிட்டன் போன்ற நாடுகளில் பெட்ரோல் நாசில் சுமார் 21 மி.மீ. பருமன், டீசல் நாசில் சுமார் 25 மி.மீ. பெட்ரோல் காருக்குள் டீசல் நாசில் நுழைவது கடினம். டீசல் காருக்குள் பெட்ரோல் நாசில்? வழுக்கிக்கொண்டு போகும்! ஒரு வகைக் காரைக் காப்பாற்றிய அதே அளவு, இன்னொரு வகைக் காருக்கு வினையாகிவிட்டது!

பிளக்கே இல்லாமல் நெருப்பு!

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது, தெரியுமா? பிறகு எப்படிப் பற்றுகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே சூத்திரம்தான்! சிலிண்டருக்குள் நுழையும் காற்றை 16 மடங்கு, சில பழைய இன்ஜின்களில் 22 மடங்கு வரை நசுக்குகிறது பிஸ்டன். காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது! அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் போதும், தானே பற்றிக்கொள்ளும்!

இரண்டும் நேர் எதிரிகள்!

பெட்ரோலின் தரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஆக்டேன் எண்ணால். சிலிண்டருக்குள் நசுக்கப்படும்போது தானாகப் பற்றாமல் எவ்வளவு பொறுமையாக இருக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. டீசலுக்கோ சீட்டேன் எண். எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றுகிறது என்பதற்கான மதிப்பெண்! நம் நாட்டின் பிஎஸ்-6 மாசு விதிப்படி டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும். பெட்ரோலை அதே அளவுகோலில் அளந்தால் 20-ஐத் தொடுவதே பெரும்பாடு! நல்ல பெட்ரோல் என்றால் மோசமான டீசல் என்று அர்த்தம்! இரண்டும் ஒரே பங்கில், பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வருகின்றன என்பது ஆச்சரியம்தானே?

ஆழ்கடலை விட இரு மடங்கு!

உலகப் பெருங்கடல்களின் மிக ஆழமான இடம் மரியானா அகழி. அதன் அடியில் அழுத்தம் சுமார் 1,100 பார். உங்கள் கார் டயரில் இரண்டு பார் சொச்சம். எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் 'காமன் ரெயில்' காரில், அந்தக் குழாயில் எவ்வளவு தெரியுமா? 1,600 முதல் 2,000 பார்! சிலவற்றில் 2,500 பார் வரை! பூமியின் ஆழமான கடலடியை விடக் கிட்டத்தட்ட இரு மடங்கு அழுத்தம், உங்கள் பானெட்டுக்கு அடியில்!

அந்த டீசல் வெளியே வரும் இன்ஜெக்டர் துளையின் விட்டம்? சுமார் 0.1 மி.மீ.! நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால் 4,000 முறை எரிப்பு நடக்கும். ஒவ்வோர் எரிப்புக்கும் மூன்று முறை பீய்ச்சினால் நிமிடத்துக்கு 12,000 பீய்ச்சல்கள்! இப்படிப்பட்ட நுட்பமான இடத்தில் தப்பான திரவம் போனால் என்ன ஆகும்?

டீசல்தான் ஆயிலும்!

டீசல் எரிபொருள் மட்டும் என்றா நினைத்தீர்கள்? அந்தப் பயங்கர அழுத்தத்தை உண்டாக்கும் பம்புக்கு உயவு எண்ணெயும் அதுதான்! பெட்ரோலோ பிசுக்கைக் கழுவி எடுக்கும். மெக்கானிக்குகள் பிசுக்குப் பிடித்த பாகங்களைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்களே! பம்புக்குள் அது போனதும் எண்ணெய்ப் படலம் மறைகிறது. உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. அவை குழாய், ரெயில், இன்ஜெக்டர் என எல்லா இடத்துக்கும் பரவுகின்றன! அப்புறம் பம்பை மட்டும் மாற்றினால் போதாது. சில வண்டிகளில் டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை மொத்த வரிசையையுமே மாற்ற வேண்டி வரும்!

ஏமாற்றும் சில கிலோமீட்டர்கள்!

பெட்ரோல் அடித்த டீசல் கார் பங்கிலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! ஜம்மென்று கிளம்பும்! ஏன் தெரியுமா? குழாயிலும் ஃபில்டரிலும் பழைய டீசல் மிச்சம் இருக்கிறதே! அது தீர்ந்த பிறகுதான் கூத்து. வண்டி இழுக்காது. இன்ஜினில் 'டக் டக்' சத்தம். புகை. கடைசியில் நடுரோட்டில் ஆஃப்! அதற்குள் பம்புக்குள் சேதம் தொடங்கியிருக்கும்!

டீசல் இன்ஜின் குடித்த முதல் மடக்கு பெட்ரோல்!

இதை நம்புவீர்களா? 1893 ஆகஸ்ட் 10. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம். டீசல் இன்ஜினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் தன் முதல் சோதனை இன்ஜினுக்குள் எரிபொருளைச் செலுத்துகிறார். எது தெரியுமா? பெட்ரோல்! படார்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது! அவர் தப்பியது அதிர்ஷ்டம். மனிதர் விடவில்லை. 1897-இல் அதே ஊரில் வெற்றி கண்டார். எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிய அந்த இன்ஜின், அன்றைய நீராவி இன்ஜின்களை மூக்கில் விரல் வைக்க வைத்தது!

1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சி. அங்கே ஒரு சிறிய டீசல் இன்ஜின் ஓடியது. எதைக் குடித்து? கடலை எண்ணெய்! ஆமாம், நம் சமையலறைக் கடலை எண்ணெய்தான்!

எதைக் கொடுத்தாலும் குடித்த லாரி!

அமெரிக்க ராணுவத்தின் எம்-35 லாரிகளில் 'மல்ட்டிஃபியூவல்' இன்ஜின் ஒன்று இருந்தது. டீசல் ஊற்றினாலும் ஓடும், மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும், விமான எரிபொருள் ஊற்றினாலும் ஓடும். ஏன், பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும்! போர்க்களத்தில் கிடைப்பதைக் குடித்து நகர வேண்டுமே! அதற்காகவே உருவான இன்ஜின் அது. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு இந்தத் தைரியம் அறவே கிடையாது!

டீசலிலேயே தப்பான டீசல்!

டீசலுக்குள் மெழுகு இருக்கிறது, தெரியுமா? கடுங்குளிரில் அது உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் சாதாரண டீசல் ஊற்றினால் குளிர்காலக் காலையில் வண்டி அசையாது! அதனால்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது இந்தியன் ஆயில்!

இன்னொரு ஆச்சரியம்! பழைய மெர்சிடிஸ் டீசல் கார்களின் கையேட்டில், குளிர்காலத்தில் டீசலோடு 30 சதவீதம் வரை பெட்ரோல் கலக்கலாம் என்றே அனுமதி இருந்தது! மெழுகு உறையாமல் இருப்பதற்காக. அந்தக் கால முரட்டுப் பம்புகள் தாங்கின. இன்றைய காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்து பார்க்கவே கூடாது!

பெட்ரோலை விடப் பயங்கரமான தண்ணீர்!

பிஎஸ்-6 லாரிகளிலும் பல டீசல் கார்களிலும் இரண்டாவதாக ஒரு தொட்டி இருக்கும். நீல மூடி போட்டது. உள்ளே என்ன தெரியுமா? 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர்! புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும் திரவம் அது. அதைத் தெரியாமல் டீசல் டேங்கில் ஊற்றினால்? டீசலை விடக் கனமாதலால் நேரே அடிக்குப் போகும். உப்புப் பூத்தாற்போலப் படிகமாகும். உலோகத்தை அரிக்கும்! இதைத் தடுக்க ஐரோப்பாவில் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். பல வண்டிகளில் யூரியாத் தொட்டியின் வாயில் காந்த வளையம்! அந்தக் காந்தம் அருகில் இருந்தால்தான் பம்பின் நாசிலே திறக்கும்!

முதல்வர் பயணத்தின் 19 கார்கள்!

2025 ஜூன். மத்தியப் பிரதேசம், ரத்லாம். முதல்வரின் பயணத்துக்காக வந்த கார்கள் ஒரு பங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பின. சிறிது தூரத்தில் ஒன்று நின்றது. அடுத்ததும் நின்றது. மொத்தம் 19 கார்கள் வரிசையாகப் படுத்துவிட்டன! காரணம்? டீசலில் தண்ணீர்! தள்ளிக்கொண்டுபோய் டேங்கைத் திறந்தால் டீசலோடு தண்ணீரும் கொட்டியது. பங்குக்கு உடனே சீல்!

ஆகாயத்திலும் நடந்தது!

அமெரிக்க சாகச விமானி பாப் ஹூவரின் விமானம் பெட்ரோலில் ஓடுவது. அதில் யாரோ ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள்! மேலே கிளம்பியதும் இரண்டு இன்ஜின்களும் நின்றன. கரடுமுரடான நிலத்தில் இறக்கினார் ஹூவர். விமானம் நொறுங்கியது. உள்ளே இருந்த மூவரும் பிழைத்தார்கள்! அப்புறம் அவர் செய்ததுதான் மெய்சிலிர்க்கும் விஷயம். தவறு செய்த அந்த இளைஞரையே மறுநாள் தன் இன்னொரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்பச் சொன்னார்! ஜெட் எரிபொருள் குழாயின் முனை இப்போது அகலத் தட்டையாக இருக்கிறது. பெட்ரோல் விமானத்தின் வாயில் நுழையாது. அந்த முனைக்கே 'ஹூவர் நாசில்' என்று பெயர்!

ஊருக்கு ஊர் மாறும் நிறம்!

பிரிட்டனில் பச்சை நாசில் என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். அமெரிக்காவில் பெரும்பாலான பங்குகளில் பச்சை என்றால் டீசல்! நிறத்தை நம்பினால் போச்சு! அதனால்தான் 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய நாடுகளில் வடிவம் வந்தது. பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம்! நம் நாட்டில்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புதிய டீசல் வண்டியின் முன்கண்ணாடியைப் பாருங்கள். ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்! பெட்ரோல் என்றால் வெளிர்நீலம்!

சில டீசல் கார்களில் இன்னும் ஒரு படி மேல். டேங்க் வாயின் இரு பக்கமும் கொக்கிகள். இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளும் அளவுக்குப் பருமனான டீசல் நாசில் வந்தால்தான் மூடி திறக்கும்!

வாளி வைத்து இறக்காதீர்கள்!

மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோலின் ஆவி பற்றிக்கொள்ளும், தெரியுமா? டீசலுக்கோ ஐரோப்பியத் தர விதிப்படி குறைந்தது 55 டிகிரி சூடு வேண்டும். டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் அந்தப் பாதுகாப்பு போச்சு! டேங்க் முழுவதையும் பெட்ரோலாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வாளி வைத்து நீங்களே இறக்குவது பேராபத்து!

15 நொடியில் தப்பு, ஒரு சாவியில் தீர்ப்பு!

நிமிடத்துக்கு 40 லிட்டர் வேகத்தில் ஓடும் பம்பு 10 லிட்டரை ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வெறும் 15 நொடி! ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம் இதுதான். தப்பான எரிபொருள் டேங்கில் சும்மா கிடக்கும்வரை இன்ஜினுக்குச் சேதமே கிடையாது! டேங்கைக் காலி செய்து, கழுவி, சரியான டீசலை ஊற்றினால் பெரும்பாலும் கதை முடிந்தது!

சேதம் எப்போது தொடங்குகிறது தெரியுமா? சாவியைத் திருப்பும்போது! பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கவே வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்தாலே டேங்குக்குள் இருக்கும் பம்பு தப்பான எரிபொருளை முன்னால் தள்ளத் தொடங்கிவிடும்! 'ஓரமாவது நிறுத்திடலாம்' என்று ஸ்டார்ட் செய்தால் அதுவே போதும்! ஆகவே நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். பங்க் ஊழியரிடம் சொல்லுங்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள். ஓடும்போது தெரிந்தால் ஓரங்கட்டி உடனே ஆஃப் செய்யுங்கள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டில் டீசல் வண்டி ஓட்டுபவருக்கு? இன்றைக்கே கேளுங்கள்: "தப்பான எரிபொருள் அடிச்சிட்டா முதல்ல எதைச் செய்யக் கூடாது, தெரியுமா?"