சிறுநீரகத்துக்கு சனி ஞாயிறு தெரியாது

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் டெல்லி காஷ்மீரி கேட் பக்கம் போனால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். டெம்போ டிராவலரைச் சுற்றி முதுகுமூட்டைகள், சுருட்டிய பாய்கள், இன்னும் விலைச்சீட்டு பிரிக்காத ஜெர்கின்கள். குருகிராமிலும் நொய்டாவிலும் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள். நடுநடுவே தமிழும் காதில் விழும். ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, ஊக்கிமட் என்று நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சனிக்கிழமை மதியவாக்கில் வண்டி சோப்தாவைத் தொடும். அன்றிரவு கூடாரம். ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, துங்கநாதர் கோயிலைத் தாண்டி சந்திரசிலா சிகரம். சூரியோதயம், குரூப் போட்டோ, இறக்கம். திங்கள் காலை ஆபீஸ்.

இந்தத் திட்டத்தில் எல்லாருக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறது, உடம்பு ஒன்றைத் தவிர.

கணக்கைப் பாருங்கள். டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். கார்வால் இமயமலையில் உள்ள சோப்தாவோ, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) ஏறக்குறையச் சமமான உயரத்தில் இருக்கிறது. நமக்கு மலை முடிகிற இடத்தில்தான் அங்கே நடையே ஆரம்பம். சந்திரசிலா 3,700 மீட்டரை ஒட்டியது. டூர் விளம்பரங்களில் 4,000 என்று தாராளமாக ஏற்றிப் போட்டிருப்பார்கள். எந்தக் கணக்கை வைத்தாலும், வண்டி ஏறி ஒன்றரை நாளுக்குள் மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம்.

வழியில் ஊக்கிமட்டைத் தாண்டும்போது பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். டெல்லியில் சாதாரணமாக இருந்த பாக்கெட் இப்போது வெடிக்கப்போவது மாதிரி உப்பியிருக்கும். உள்ளே அடைபட்ட காற்று அதேதான். வெளியே அதை அழுத்திக்கொண்டிருந்த காற்றுதான் குறைந்துவிட்டது. ‘மேலே போனால் ஆக்ஸிஜன் சதவீதம் குறையும்’ என்று பலர் நினைக்கிறார்கள். சதவீதம் மாறுவதில்லை, சென்னைக் கடற்கரையிலும் சந்திரசிலாவிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான். குறைவது அழுத்தம். சோப்தாவில் அது கடல்மட்டத்தில் இருப்பதைப்போல முக்கால் பங்கு. சிகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. மலையில் ஆளைச் சாய்ப்பது இந்த அழுத்தக் குறைவால் வரும் ஆக்ஸிஜன் பஞ்சம்தான் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-லேயே ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்.

உடம்பு சும்மா இருக்காது. பதில் நடவடிக்கையில் இறங்கும். ஆனால் அந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நடக்கின்றன. கழுத்தில் தமனி பிரியும் இடத்தில் அரிசி அளவே உள்ள ஒரு உறுப்பு ரத்தத்தின் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தது தெரிந்த நிமிடத்தில் ‘மூச்சை வேகமாக இழு’ என்று உத்தரவு போய்விடும். இதயமும் உடனே வேகமெடுக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்ஸைடும் அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட வேண்டியவை சிறுநீரகங்கள். உபரி பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழித்துவிட வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். புதிய சிவப்பணுக்களைச் செய்ய எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்கும் ஆணை முதல் நாளே போய்விடுகிறது. பலன் தெரிய வாரக்கணக்காகும். நம் ஞாயிற்றுக்கிழமைச் சிகரத்துக்கு மஜ்ஜை சுத்தமாக உதவாது. சிறுநீரகம் அரைகுறையாக உதவும்.

அந்த அரைகுறை நிலையின் விளைவு சனிக்கிழமை ராத்திரி கூடாரத்தில் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவன் ஆழமாக நாலைந்து மூச்சு விடுகிறான். அப்புறம் சத்தமே இல்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. நீங்கள் எழுந்து உட்கார்ந்து அவனை உலுக்கலாமா என்று யோசிக்கும்போது ஒரு பெரிய மூச்சோடு மறுபடி தொடங்குகிறான். இயற்பியலாளர் ஜான் டிண்டலுக்கு 1857-ல் நடந்ததும் இதுதான். மோன் பிளாங் ஏறும்போது உச்சிக்குக் கீழே பனியிலும் பாறையிலுமாகச் சாய்ந்து அவர் கண்ணயர்ந்துவிட்டார். உடன் வந்த நண்பர், கணித அறிஞர் தாமஸ் ஹர்ஸ்ட், சில நிமிடங்களாக இவரிடமிருந்து மூச்சுச் சத்தமே வரவில்லை என்று பயந்து எழுப்பிவிட்டார். டிண்டல் அதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்.

காரணம் கழுத்துக்கும் மூளைத்தண்டுக்கும் நடக்கும் இழுபறி. கழுத்திலிருக்கும் உறுப்பு ஆக்ஸிஜன் போதவில்லை என்று ‘போலாம் ரைட்’ கொடுக்கிறது. மூளைத்தண்டு, கார்பன் டை ஆக்ஸைடுதான் ஏகத்துக்குக் குறைந்திருக்கிறதே என்று விசில் அடித்து நிறுத்துகிறது. விழித்திருக்கும்போது இந்தச் சண்டை வெளியில் தெரிவதில்லை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு ஓடுகிறது. புதிதாக மேலே வந்த பலருக்கு இது நேரும். இது மட்டும் இருந்தால் நோய் இல்லை. மலைநோயை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் லேக் லூயிஸ் அளவுகோலில் தூக்கக் குறைவும் ஒரு அறிகுறியாக வெகுநாள் இருந்தது; 2018 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். உயரத்தில் எல்லாரும்தான் மோசமாகத் தூங்குகிறார்கள், அதை வைத்து நோயாளியைப் பிரிக்க முடியாது. அது போதாதென்று, மேலே வந்ததும் உடம்பு தண்ணீரை வெளியேற்றி ரத்தத்தைக் கெட்டிப்படுத்தப் பார்க்கிறது. ராத்திரி இரண்டு தடவை ஸ்லீப்பிங் பேக் ஜிப்பைத் திறந்துகொண்டு குளிரில் வெளியே போய்வர வேண்டியிருக்கும்.

குளிருக்கும் டிண்டலிடமே விளக்கம் இருக்கிறது. மோன் பிளாங் ஏறிய இரண்டு வருஷத்தில், காற்றிலுள்ள வாயுக்கள் வெப்பக் கதிரை எப்படி உறிஞ்சுகின்றன என்று அளக்கத் தொடங்கினார். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நீராவிதான் பிடித்து வைக்கிறது என்று கண்டார். சென்னையின் புழுக்க ராத்திரியில் தரை விடும் வெப்பத்தைக் காற்றிலுள்ள ஈரம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். சோப்தாவின் மெல்லிய வறண்ட காற்றில் அந்த ஈரம் குறைவு. மேகமில்லாத இரவென்றால் தரையின் சூடு தடையில்லாமல் வான்வெளிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் ராத்திரியில் கூடாரத் துணியின்மேல் உறைபனி படிகிறது. மரத்தடியில் போட்ட கூடாரத்தில் அவ்வளவு படிவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று பள்ளத்தில் கூடாரம் அடிப்பவர்தான் அதிகம் நடுங்குவார்.

இந்தக் குளிரில் இரண்டு கெட்ட யோசனைகள் தவறாமல் வரும். ஒன்று ரம். குடித்தால் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உள்ளுடம்பின் சூடு வெளியே போகிறது. தூக்கத்தில் மூச்சையும் அது மந்தப்படுத்தும், ஏற்கெனவே விட்டுவிட்டு ஓடும் மூச்சை. இரண்டாவது யோசனை இன்னும் மோசம்: கணகணவென்று எரியும் அங்கீட்டியை, அதாவது கரி அடுப்பை, கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்வது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மணமும் கிடையாது, புகையும் வேண்டியதில்லை. வட இந்தியக் குளிர்காலத்தில் மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வராத வருஷமே இல்லை. ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் இன்னொரு பாய் விரிப்பது இதைவிட எவ்வளவோ மேல். படுத்திருப்பவர் எடையில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால், சூடு தரை வழியாகத்தான் அதிகம் இறங்கிப் போகிறது.

சாப்பாட்டுக்கு வந்தால், சாம்பார் ஆசையை விட்டுவிடுவது நல்லது. சோப்தாவில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு நேரமெடுத்தாலும் வெந்துவிடும்; துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் மசியாது. குக்கர் தூக்கி வந்த புண்ணியவான் கூட்டத்தில் இல்லையென்றால், ரோட்டோரக் கடைகளில் மேகி ஏன் இப்படி ராஜ்ஜியம் செய்கிறது என்பது புரிந்துவிடும்.

இப்போது ஞாயிறு விடிகாலைக்கு வருவோம்.

“தலை வலிக்குதுடா மச்சான்.”

“டீ குடிடா, சரியாப் போயிடும்.”

மலைநோய் பெரும்பாலும் மேலே வந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் தலைகாட்டும். தலைவலி, அதோடு குமட்டலோ தலைசுற்றலோ அடித்துப்போட்ட மாதிரி அசதியோ சேர்ந்தால் அதுதான். கூட்டத்தில் தினம் ஜிம் போகிறவன், மாரத்தான் ஓடுகிறவன் தனக்கு வராது என்று நம்புவான். தேகபலம் இதற்குக் காப்பு இல்லை. பார்க்கப்போனால் அவனுக்கு ஆபத்து கூட. மூச்சுவாங்கி உட்காரும் நண்பனைவிட வேகமாக உயரத்துக்குப் போய்விடுகிறான். கட்டுமஸ்தான உடம்புக்காரர்களுக்கும் இது வரும் என்பதை இந்திய ராணுவம் அனுபவித்தே தெரிந்துகொண்டது. 1962 போரை ஒட்டி சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாக வீரர்களை ஏற்ற வேண்டி வந்தது. அப்படி மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் சக ராணுவ மருத்துவர்களும் 1969-ல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இந்தத் துறையில் எடுத்துக்காட்டப்படுவது.

இவ்வளவு அவசரப்பட்டும் சந்திரசிலா போகிற கூட்டம் பெரும்பாலும் பத்திரமாகத் திரும்புவதற்குக் காரணம் அவர்கள் சாமர்த்தியம் இல்லை, லீவு இல்லாததுதான். நுரையீரலில் நீர் கோக்கும் கடும் வகை பொதுவாக இரண்டாவது ராத்திரியிலிருந்து நாலாவது ராத்திரிக்குள் தாக்கும். அதற்குள் இவர்கள் ரிஷிகேஷ் தாண்டியிருப்பார்கள். இன்னொரு பாதுகாப்பும் தற்செயலாகவே அமைந்துவிட்டது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைமேட்டுப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. நோக்கம் புல்லைக் காப்பது. கூடாரங்கள் கீழேயே நின்றுவிட்டால், ஏறி இறங்கி கீழே தூங்குவது என்ற மலையேறிகளின் பழைய விதியும் தானாக நிறைவேறும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதைத்தான் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதும் அதனால்தான்.

ஆகவே அதே பழக்கத்தில் அடுத்த முறை நாலைந்து நாள் தொடர் லீவு கிடைத்து, இன்னும் உயரமான இடத்துக்கு அதே வேகத்தில் போய் அங்கேயே தங்கும்போதுதான் கதை மாறும். அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறதே என்பார்கள். நல்ல மருந்துதான், பைகார்பனேட்டைக் கழிக்கும் சிறுநீரகத்தின் வேலையை முடுக்கிவிடுகிறது. டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது, சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முக்கியமாக. சோப்தாவுக்கே போவதானால் என் யோசனை எளிது: வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு, முதல் ராத்திரியை 2,400 மீட்டர் அளவில் உள்ள தேவரியாதால் ஏரிப் பக்கத்துக் கிராமத்தில் கழித்துவிட்டு மேலே வாருங்கள்.

கோவிட் வாங்கித் தந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எல்லாரும் எடுத்து வருகிறார்கள். விரலில் மாட்டி, 88 என்று காட்டினால் பீதியடைகிறார்கள். இந்த உயரத்தில் 90-க்குக் கீழே போவது சகஜம். அதைவிட நம்பகமான பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தலைவலிக்காரன் தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினால் சூரியோதயமாவது ஒன்றாவது. இருட்டாக இருந்தாலும் துணைக்கு ஆளோடு அப்போதே கீழே இறக்கிவிட வேண்டும். சில நூறு மீட்டர் இறங்கினாலே ஆள் தெளிய ஆரம்பிப்பான்.