அக்காவை யார் பார்த்துக்கொள்வது?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில்தான் குற்றாலத்தில் சாரலும் தொடங்குகிறது. சீசன் முடியும்வரை அருவிக்கரைக் கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்யும் பெற்றோருக்கு நேரம் காலம் கிடையாது. தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டு முழுவதும் தாய்மார்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். இத்தகைய வீடுகள் பலவற்றில் தம்பி தங்கையைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருவது மூத்த பிள்ளைதான், பெரும்பாலும் அக்கா.

அந்த அக்காவைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு படம் உண்டு. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1988இல் உருவாக்கிய ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்னும் அனிமேஷன் படம் அது. காட்டில் வாழும் டோட்டோரோ என்ற பெரிய உயிரினத்தைத்தான் குழந்தைகள் ரசிப்பார்கள். ஆனால் படத்தின் உள்ளே இருப்பது ஒரு பராமரிப்புக் கதை. தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார். தந்தை அன்பானவர், ஆனால் வேலை மிகுந்தவர். பள்ளி மாணவியான சட்சுகி, நான்கு வயதுத் தங்கை மேயைக் கவனித்துக்கொள்கிறாள். மியாசாகியின் தாயும் அவரது சிறுவயதில் பல ஆண்டுகள் காசநோயால் படுத்திருந்தவர்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய காட்சிகள் நான்கு.

முதலாவது: தந்தை எழும் முன்பே சட்சுகி எழுந்து, மூவருக்கும் மதிய உணவு கட்டுகிறாள். வேறொரு நாள், அக்காவைப் பிரிந்திருக்க முடியாத மேய் பள்ளிக்கு வந்துவிடுகிறாள். ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை, சட்சுகியின் அருகிலேயே மேய் உட்கார அனுமதிக்கிறார். சிறிய முடிவுதான். ஆனால் அக்காவின் அன்றைய படிப்பைக் காப்பாற்றியது அதுவே.

இரண்டாவது: மழையில் ஒதுங்கி நிற்கும் சகோதரிகளிடம், முன்பு கேலி செய்த கான்டா என்ற சிறுவன் தன் குடையை நீட்டிவிட்டு, நனைந்தபடியே ஓடுகிறான். உதவி செய்யப் பெரிய பேச்சு தேவையில்லை என்பதைப் பிள்ளைகள் இங்கே எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது: தாய் வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. அடம்பிடிக்கும் மேயிடம் சட்சுகி கத்திவிடுகிறாள். சற்று நேரத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அம்மா இறந்துவிடுவாரோ என்று உடைந்து அழுகிறாள். அதுவரை சிரித்த முகத்தோடு இருந்த பிள்ளை அவள். கோபத்துக்குப் பின்னால் இருந்தது பயம்.

நான்காவது: மருத்துவமனையில் தாய் சட்சுகியின் தலையை வாரிவிடுகிறார். எல்லோரையும் கவனிக்கும் பிள்ளையை ஒருவர் கவனிக்கும் நேரம் அது.

படம் சொல்லும் பாடம் இதுதான்: பொறுப்பான பிள்ளைக்கும் பராமரிப்பு வேண்டும். இவர்கள் தொல்லை தருவதில்லை என்பதால் நம் கண்ணில் படுவதுமில்லை. ‘தம்பியை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்!’ என்று பாராட்டிவிட்டு நகர்கிறோம். அந்தப் பாராட்டே, ‘முடியவில்லை’ என்று சொல்ல விடாமல் அவள் வாயை அடைத்துவிடலாம்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடும் திட்டம் தொடங்கப்பட்டது. படம் பார்த்தபின் கதையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், உணர்வைத் தொடும் கேள்விகளை எழுப்பலாம். சட்சுகி ஏன் கத்தினாள்? கான்டா ஏன் ஓடினான்? சட்சுகியை யாரெல்லாம் கவனித்துக்கொண்டார்கள்? உங்கள் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலை எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். விரும்பியவர்கள் எழுதியோ வரைந்தோ தரட்டும். ஆண் பிள்ளைகளிடமும் கேட்போம். பராமரிப்பு பெண் பிள்ளைகளின் வேலை மட்டுமன்று என்பது அங்கேயே பேசப்பட்டுவிடும்.

பிறகு நம் பங்கு. தாமதமாக வரும் பிள்ளையிடம் ‘ஏன் லேட்?’ என்பதற்கு முன் ‘வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ என்று தனியாகக் கேட்போம். ‘தம்பியப் பாத்துக்க ஆளில்ல டீச்சர்’ என்று பதில் வந்தால், அருகிலுள்ள அங்கன்வாடியைப் பெற்றோருக்குச் சொல்வோம். காலை உணவுத் திட்டத்தால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான தம்பி பள்ளியில் சாப்பிட்டுவிடுகிறான். அவனை அழைத்துவந்த 7ஆம் வகுப்பு அக்கா சாப்பிட்டாளா என்று யாராவது கேட்க வேண்டும். விடுபட்ட பாடத்தைச் சொல்லித்தர வகுப்பில் ஒரு தோழியை அமர்த்தலாம். சுமை பிள்ளையின் படிப்பையே நிறுத்தும் அளவுக்குப் போனால், தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் பேசுவோம். பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவையும் இருக்கின்றன.

படத்தில் மேய் காணாமல் போனபோது ஊரே திரண்டு தேடுகிறது. நம் வகுப்பில் தேடப்பட வேண்டியவள், தினமும் வருகைப் பதிவேட்டில் ‘உள்ளேன்’ என்று சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் சட்சுகி.